பனி நிற்காத கூரை

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. அடுக்களைச் சன்னலில் நின்றால் தெருவின் கூரைகள் வரிசையாகத் தெரியும். வரிசையின் கடைசியில் கண்ணாடித் தொழிற்சாலை. பனி கொட்டிய மறுநாள் எல்லாக் கூரைகளும் வெள்ளையாகிவிடும். உலைக்கூடத்தின் தகரக் கூரை மட்டும் கறுப்பாக இருக்கும். கீழே இரவும் பகலும் உலை எரிவதால், அதன் மேல் விழுகிற பனி விழுந்த சூட்டோடு உருகி ஓடிவிடும். எங்கள் தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் காலையில் திரையை விலக்குகிற எவருக்கும் கண் முதலில் அந்தக் கறுப்பின் மேல்தான் போகும். கறுப்பு இருக்கிறதா, சரி, பல் தேய்க்கப் போகலாம்.

அப்பா அந்த உலையைப் பார்த்துக்கொள்கிறவர். நான் அதே தொழிற்சாலையில் பாட்டில் பார்க்கிறவள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குமிழ், கீறல் ஏதாவது இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் எது சொன்னாலும் மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன். "உனக்கு மாப்பிள்ளை பாத்தா அவனையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுதான்டி பாப்பே" என்பாள் அம்மா.

கண்ணாடி உலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதை அடுப்பு மாதிரி நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. உள்ளே கண்ணாடி குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆறவிட்டால் அது பாறையாக இறுகிவிடும், சுற்றியிருக்கிற செங்கல் விரிசல் விடும். அப்புறம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வழியில்லை. அதனால் வேலை இல்லாத காலத்தில்கூட ஒரு ஆளைப் போட்டுச் சின்னத் தீயிலேயே வைத்திருப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் பற்றவைத்த தீ அது. எனக்கு நினைவு தெரிந்து அணைந்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மேனேஜர் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். ஆர்டர் குறைந்துவிட்டது, பனி உருகுகிற வரைக்கும் தொழிற்சாலை மூடியிருக்கும் என்றார்.

"வருஷம் பூரா ஓடியிருக்கோம். குளிர்காலம்ங்கிறது ஓய்வெடுக்கன்னே வர்ற காலம். வீட்டுல இருங்க. குடும்பத்தோட உக்காந்து பேசுங்க. கொஞ்சம் நிதானமா யோசிங்க. பனி உருகினதும் நாங்களே கூப்பிடுறோம்."

பின்வரிசையிலிருந்து அப்பா கையைத் தூக்கினார்.

"சார், உலை?"

"எப்பவும் போல சின்னத் தீயில இருக்கும். ஒருத்தர் பாத்துக்குவார்."

அந்த ஒருத்தர் தான்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். ஆனால் மேனேஜர் ஒட்டகச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். சித்தப்பா அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. அப்பாவுக்கு அடுத்த ஷிப்டில் உலை பார்க்கிறவர், உயரம். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார், வெளியே வந்ததும் இன்னொன்று. அதனால் ஒட்டகம். வீடு திரும்பும் வழியில் அப்பா தொழிற்சாலைக் கூரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துக்கொண்டார்.

"ஒட்டகத்துக்குத் தூக்கமும் வேணாம் போல. சரி, இருக்கட்டும். பெரியவனுக்கு ஓய்வு குடுத்திருக்காங்கன்னு நெனச்சுக்குவோம்."

அதே வாரம் என் மாலை வகுப்பிலும் இந்தப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் விட்டபின் அதே அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள் எழுதப் படிக்கிற வகுப்பு. டீச்சர் வெளியே நின்ற மொட்டை மரத்தைக் காட்டி, "அது செத்துப்போகல, ஓய்வெடுக்குது. நாமும் இந்தப் பனிக்காலத்த அப்படி வரவேத்துப் பாப்போமே. அவசரத்த விட்டுட்டு, சுத்தி நடக்குறத கவனிச்சு, தெனமும் ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க" என்றார். ஒரே வாரத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொன்னால் அதில் ஏதோ உண்மை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒன்றை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஓய்வு என்பது புதுச் செருப்பு மாதிரி கடித்தது. காலை ஷிப்ட் நேரத்துக்கு அலாரம் இல்லாமலே எழுந்துவிடுவார். இருட்டிலேயே முகம் கழுவி, சட்டையைப் போட்டு, ஒரு கையில் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டு நிற்பார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று அம்மா படுக்கையிலிருந்தே கேட்பாள்.

"இல்ல, சும்மா எந்திரிச்சேன்."

"சும்மா எந்திரிக்கிறவரு சட்டைக்குப் பொத்தான் போடுவாரா? வந்து படுங்க."

"தூக்கம் வரல."

"ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதுங்கிறது சரியாத்தான் இருக்கு. கண்ணையாவது மூடுங்க, தூக்கம் தன்னால வரும்."

படுப்பார். சற்று நேரத்தில் அடுக்களையிலிருந்து சத்தம் வரும். அடுப்பு நெருப்பின் நிறத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். "மஞ்சளா வருது பாரு. காத்து பத்தல" என்று அடுப்பைப் பிரித்துப் போட்டார் ஒருநாள். அதை மறுபடி சேர்க்கும்வரை எங்களுக்குச் சுடுதண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அம்மா கரண்டியை அவர் கையில் கொடுத்து, "இந்தாங்க, இதுதான் உங்க புது உலை, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

முதல் பனி கொட்டிய மறுநாள் எங்களையெல்லாம் எழுப்பிச் சன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரு முழுக்க வெள்ளை. கடைசியில் அந்தக் கறுப்பு, ஈரத்தில் பளபளவென்று இருந்தது.

"பாத்தியா பாப்பா? நாம வீட்டுல இருக்கோம், அது அங்க இருக்கு. நாம யாரும் இல்லன்னாலும் அது பாட்டுக்கு இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் அவருக்கு ஓய்வு பிடிபட்டது. கறுப்பைப் பார்ப்பார், திரும்பி வந்து படுப்பார், சில நாள் தூங்கியும்விடுவார்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பின் தரையில் உட்கார்ந்திருந்தார். மேற்குச் சன்னல் வழியாக வெயில் வந்து, தரையில் ஒரு கட்டமாக விழுந்து, கட்டிலின் காலைத் தொட்டு, மெல்லச் சுவரில் ஏறியது. அது முழுவதுமாக ஏறி மறைகிறவரை அப்பா அசையவில்லை.

"இந்த வீட்டுல மத்தியானம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லா வீட்டுலயும் இருக்கு" என்றாள் அம்மா.

"நான் பாத்ததே இல்லடி. பகல் ஷிப்ட்னா அங்க இருப்பேன். ராத்திரி ஷிப்ட்னா போர்வைக்குள்ள இருப்பேன். இத்தன வருஷமா இது தெனமும் வந்துட்டுப் போயிருக்கு."

"நானும் தெனமும் இங்கதான் இருந்தேன். அதையும் இப்பத்தான் பாக்குறீங்க."

அப்பா அவளைப் பார்த்தார். அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். நான் பார்த்தது சரிதானா என்று தெரியவில்லை.

இதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் வகுப்பில் படிக்கச் சொன்னார். மத்தியானம் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. முடி வெட்டுகிறவர் ஒருவர் எங்களோடு படிக்கிறார், அவர் எழுந்து, "உங்கப்பாவுக்கு உலை ஓய்வு குடுத்திருக்கு. இந்த ஊருல முடியும் கொஞ்ச நாள் வளராம ஓய்வெடுத்தா நானும் மத்தியானம் பாப்பேன்" என்றார். "வளராம போனா அப்புறம் தெனமும் மத்தியானம்தாங்க, கடைய மூடிட்டு" என்றது ஒரு குரல். அதன்பிறகு நான் வகுப்புக்குள் நுழைந்தாலே, "உங்கப்பா இந்த வாரம் என்ன பண்ணாரு?" என்றுதான் கேட்டார்கள்.

அப்பா நிறையப் பண்ணினார். அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார். சன்னல் இடுக்குகளில் துணி அடைத்தார். சாயங்காலங்களில் போர்வையைப் போர்த்திக்கொண்டு யோசனை செய்தார். நிஜமாகவே யோசனைதான், கேட்டால் சொல்லுவார்.

"உலையில ஒரு சின்ன ஓட்டை பாப்பா. இத்தன வருஷமா அது வழியா நீலக் கண்ணாடி போட்டுக்கிட்டு நெருப்பைப் பாத்தேன். என்னத்தப் பாத்தேன்னு யாராவது கேட்டா அவ்வளவுதான் சொல்ல முடியும். பனி உருகினதும் மேனேஜர்கிட்டப் பேசப்போறேன். இனிமே ராத்திரி ஷிப்ட் வேணாம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாவது மத்தியானம் வீட்டுல இருக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்கன்னு கேக்கப்போறேன். இவ்வளவு நாள் எதுவும் கேட்டதில்ல. குடுப்பாங்க."

"குடுக்காம?" என்றாள் அம்மா.

முதல் பனிக்குப் பிறகு வானம் வறண்டுவிட்டது. குளிர் இருந்தது, பனி கொட்டவில்லை. மற்றக் கூரைகளில் பழைய பனி இறுகி, அழுக்கேறிக் கிடந்தது. உலைக்கூடக் கூரை கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

பேருந்து நிறுத்தத்தில்தான் ஒட்டகச் சித்தப்பாவைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வருகிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்புறம் மனசு கேட்காமல் திரும்பினார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் பாட்டில் நடுவில் இருந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

"என்ன சித்தப்பா, தண்ணிய இன்னும் குடிக்கலையா?"

"தாகம் எடுக்கல பாப்பா."

உலையிலிருந்து வருகிற ஒட்டகச் சித்தப்பாவுக்குத் தாகம் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், கம்பளிச் சட்டை போட்டிருந்தார். உலைக்காரர்கள் குளிர்காலத்திலும் மேலே ஒரு சட்டைக்கு மேல் போடமாட்டார்கள். அப்பாவிடம் கம்பளிச் சட்டையே கிடையாது, ஓய்வு கிடைத்த பிறகுதான் அம்மா தன்னுடைய பழையதை அவருக்குக் கொடுத்தாள்.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பொல்லாத கண்ணு உனக்கு" என்றார். "பாட்டில் பாக்குற வேலைக்குச் சரியாத்தான் ஆளைப் போட்டிருக்காங்க."

"உலை சின்னத் தீயிலதான இருக்கு சித்தப்பா?"

அவர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினார்.

"எறக்குறோம் பாப்பா. முதல் பனி கொட்டுச்சில்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாங்க. கொழம்ப எல்லாம் வடிச்சாச்சு. இப்ப சூட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறேன். செங்கல் வெடிக்காம எடுக்கணுமாம். அதை வாங்க ஆள் வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப பனி உருகினதும்?"

"பனி உருகினதும் பிரிப்பாங்க."

ஒரு பேருந்து வந்து போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"நீங்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். சொன்ன பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"சொன்னேன். வெளியிலேருந்து ஆள் கூட்டிட்டு வர்றேன்னாங்க. அவனுக்கு என்ன தெரியும்? சட்டுனு எறக்குவான், மேல இருக்குற வளைவு பொத்துனு விழும். அந்த வளைவு கட்டும்போது நானும் உங்கப்பாவும் கீழ நின்னு கல்லு எடுத்துக் குடுத்தோம். எங்க வேலைக்கு என்ன வயசோ அதுதான் அதுக்கும். அது விழுற சத்தத்தக் கேக்க முடியாது என்னால. அதான் நானே எறக்குறேன்னு சொன்னேன்."

"அப்பாகிட்டச் சொல்லலையே நீங்க."

"எந்த வாயால சொல்ல? அண்ணன் தூங்குறாராமே. உங்கம்மா எங்க வீட்டுல சொல்லியிருக்கா. அந்த மனுஷன் தூங்கி நான் பாத்ததில்ல பாப்பா. தூங்கட்டும்." எழுந்தார். "எனக்காகன்னு இல்ல. அவருக்காக. நீயும் சொல்லாதே."

பாட்டிலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அடுக்களையில், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். அப்பா அடுத்த அறையில் சுவரில் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்தாள், கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்லையா?" என்றேன்.

"ஒட்டகத்தோட பொண்டாட்டி என்னப் பாத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனா. அப்பவே மனசுல ஏதோ சுருக்குனு இருந்துச்சு. இதுதான்னு தெரியாது."

"இப்ப என்ன பண்றது? சொல்லிடலாமா?"

"சொன்னா நெருப்பு பத்திக்குமா?"

"இல்லதான். ஆனா..."

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் வீட்டுல படுத்தா உடம்பு மட்டும்தான் படுக்கும். இப்பத்தான் ஆளும் சேந்து படுக்குது. இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

அம்மா குழாயை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த பனி வரைக்கும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்டி. கூரைய எதுல மறைக்க?"

அதன்பிறகு நானும் அம்மாவும் வானத்தைப் பார்க்கத் தொடங்கினோம். மேகம் சேர்ந்தால் அம்மாவின் முகம் இறுகும். காற்று அடித்து மேகம் கலைந்தால் எங்களுக்குள் ஒரு பார்வை பரிமாறிக்கொள்வோம். வேடிக்கை என்னவென்றால், அப்பாவும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பனி வேண்டும் என்று.

"என்ன இது, குளிர்காலம்னு பேரு, ஒரு தடவ கொட்டினதோட சரி. இன்னொரு தடவ நல்லாக் கொட்டணும். எல்லாம் வெள்ளையா இருந்து நம்ம கூரை மட்டும் கறுப்பா நிக்குறதப் பாக்கணும். அதுவரைக்கும் தூங்கிட்டே இருக்கலாம் நான்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று அம்மா கத்திவிட்டாள். அப்பா திகைத்துப்போனார்.

"பனியச் சொன்னா உனக்கு என்னடி?"

"துணி காயாது" என்றாள் அம்மா.

வகுப்பில் கேட்டார்கள், உங்கப்பா என்ன பண்ணாரு? ராத்திரி ஷிப்ட் வேண்டாமென்று மேனேஜரிடம் கேட்கப்போகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். "கண்டிப்பா குடுப்பாங்க, கேக்கச் சொல்லு" என்றார் டீச்சர். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். முடி வெட்டுகிறவர், தொழிற்சாலை திறக்கிற அன்றைக்கு அப்பாவைத் தன் கடைக்கு வரச் சொன்னார், நல்லபடியாகச் சவரம் செய்து அனுப்புகிறேன் என்றார். நான் உட்கார்ந்தேன். முழங்கால் பெஞ்சில் இடித்தது. அடுத்த வாரத்துக்கு ஒரு பக்கமும் எழுதவில்லை, எழுதினால் எது பொய் எது நிஜம் என்று எனக்கே பிரித்துவைக்க வராது.

அடுத்த வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது சட்டைக் கையில் ஒரு பொட்டு விழுந்தது. மழை என்று நினைத்தேன். உருகவில்லை. தெருவிளக்கின் கீழ் போய்ப் பார்த்தேன், வெளிச்சத்தில் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஓடிப்போய் எதைத் தடுக்கப்போகிறேன் என்று வீட்டுப் படிக்கட்டில்தான் யோசித்தேன்.

அப்பா சன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அம்மா அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா பாப்பா? பாத்தியா, கொட்டுது! கேட்டேன்ல, கொட்டுது!" சின்னப் பிள்ளை மாதிரி கையை வெளியே நீட்டி, விழுந்ததை எங்களுக்குக் காட்டினார். "இப்பத் தெரியாது, இருட்டிப்போச்சு. காலைல பாப்போம். நான் எழுப்புறேன், ரெண்டு பேரும் எந்திரிக்கணும். தூக்கம் தூக்கம்னு சொல்லக் கூடாது."

"சன்னல சாத்துங்க, குளிருது" என்றாள் அம்மா, திரும்பாமல்.

அவர் சாப்பிட்டார். சீக்கிரமே படுத்துக்கொண்டார். நன்றாகத் தூங்கினார்.

காலை ஷிப்ட் நேரத்துக்கு எப்போதும்போல எழுந்தார். கால் தரையில் பதிகிற சத்தம் கேட்டது. எங்களை எழுப்பவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள், மூச்சு தூங்குகிற மூச்சாக இல்லை. நான் எழுந்து போனேன். அப்பா சன்னலில் நின்றார்.

"இருட்டா இருக்கு" என்றார். "தெருவெளிச்சத்துல ஒண்ணும் சரியாத் தெரியல. விடியட்டும்."

நானும் பக்கத்தில் நின்றேன். விடிவதற்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு கூரையாக இருட்டிலிருந்து வெளியே வந்தது. தையல்கடைக் கூரை வெள்ளை. பள்ளிக்கூடம் வெள்ளை. மருந்துக்கடை வெள்ளை. கண் போய்க்கொண்டே இருந்தது, நிற்க இடம் கிடைக்கவில்லை. தெரு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

அப்பா அம்மாவின் கம்பளிச் சட்டைக் கையால் சன்னல் கண்ணாடியைத் துடைத்தார். ஆவி படிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும், அது என் தொழில்.

"அப்பா" என்றேன்.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். உலையின் துளைக்கு முன்னால் நிற்கும்போது யாராவது பேசினால் அப்படித்தான் கையைத் தூக்குவார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கூரையையே நெடுநேரம் பார்த்தார். கோபப்படுவார், ஒட்டகச் சித்தப்பாவைத் திட்டுவார், சட்டையை மாட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு ஓடுவார் என்று நான் காத்திருந்தேன். ஓடினால் நானும் கூட ஓடலாம் என்று செருப்பு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"ஒட்டகம் நல்லாத்தான் எறக்கியிருக்கான்" என்றார். "வளைவு விழல. விழுந்திருந்தா அந்த அதிர்வுக்குத் தகரம் குழிஞ்சிருக்கும், பனி ஒரு பக்கம் பள்ளமா நிக்கும். சமமா இருக்கு பாரு. மெதுவா எறக்கியிருக்கான்."

அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றார். "சரி." திரையை இழுத்து மூடினார். போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை ஒட்டகச் சித்தப்பா வந்தார். வாசலோடு நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே" என்று கூப்பிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை ஷிப்ட் நேரத்தில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அப்பாவின் கால் தரையில் பதியக் காத்திருந்தேன். பதியவில்லை. அம்மாவும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இருட்டில் அவள் எழுந்து உட்கார்ந்து, குனிந்து அவர் முகத்தருகே காதை வைத்துக் கேட்பது தெரிந்தது.

"தூங்குறாருடி" என்றாள். இந்தக் குளிர்காலம் முழுக்க இதற்காகத்தான் அவரோடு மல்லுக்கு நின்றாள்.

வெளிச்சம் வந்தது. திரை மூடியே இருந்தது, யாரும் விலக்கவில்லை. அம்மா அடுப்பை வேண்டுமென்றே சத்தமாகப் பற்றவைத்தாள். கரண்டியைக் கீழே போட்டாள். "ஏங்க, இந்த அடுப்பு மஞ்சளா எரியுது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே குனிந்து அந்த நெருப்பைப் பார்த்தாள். அது நீலமாகத்தான் எரிந்தது.

"எழுப்பட்டுமாம்மா?" என்றேன்.

"எழுப்பி?"



சாப்பாட்டு நேரம் தாண்டியது. தட்டு மூடியபடி இருந்தது. மேற்குச் சன்னலில் வெயில் வந்தது. கட்டமாகத் தரையில் விழுந்து, கட்டிலின் காலைத் தொட்டு, போர்வை மேல் ஏறியது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார், மூச்சுக்குப் போர்வை ஏறி இறங்கியது. அம்மாவும் நானும் கதவருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் அவர் தோளைக் கடந்தது, அவர் முகத்துக்கு எதிரே சுவரில் ஏறியது. அவர் கண் திறந்திருந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேலே போய், மெலிந்து, மறைந்தது.

அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள்.